உண்ணாமலை கட்டில்

தப்பாக எழுதியதைத் துடைப்பதற்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டர்பண்டைனில் துணியை நனைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சரியாக எழுதியதை, இதைவிட நன்றாக இனிமேல் என் கைக்கு வராது என்று நினைத்து எழுதியதை, உங்கள் கையாலேயே சுரண்ட வேண்டி வந்தால்? பெயிண்டர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். கலர் கலப்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைக் கெடுத்துக் கெடுத்து நீங்களே கற்றுக்கொள்வீர்கள். இதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். படிப்பு மூணாங் கிளாஸ், அதையும் முழுசாக முடிக்கவில்லை. அப்பா போனதும் பாத்திரக் கடையில் அண்டா தேய்க்கப் போனேன். அங்கே பாத்திரத்தின் கழுத்தில் பேர் வெட்டுகிறவரின் கையைப் பார்த்துப் பார்த்து எழுத்தின் வளைவு எனக்குப் பிடிபட்டது. அர்த்தம் தெரிவதற்கு முன்னால் அழகு தெரிந்துவிட்டது. யாரும் எனக்கு பிரஷ் வாங்கிக் கொடுக்கவில்லை, யாரும் கடை வைத்துத் தரவில்லை. ஐம்பதுகளில் தேரடித் தெருவில் சொந்தமாகக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலத்தில் திருவண்ணாமலைக்கு வந்தவன் எவனும் என் எழுத்தைப் படிக்காமல் திரும்பியிருக்க முடியாது. சத்திரத்து வாசலில் என் எழுத்து. ஜட்கா வண்டி முதுகில் என் எழுத்து. கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தாலும் அதில் 'உபயம்' என்று போட்டுக் கொடுத்தவர் பேரை எழுதியது நான். ஒருத்தர் கோயிலுக்கு ஒரு மர ஏணி செய்து கொடுத்தார். அப்பா பேர், தாத்தா பேர், மாமனார் பேர், கடை விலாசம் எல்லாம் எழுது என்றார். "ஏணியில இடம் பத்தாதுங்க" என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு படி சேத்து அடிக்கச் சொல்றேன்" என்றார். சொன்னபடி அடித்தும் கொண்டு வந்தார். எங்கள் ஊரில் பேர் என்றால் அப்படி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்கு ஒரே பெண். எங்கள் ஊர்க் கோயில் அம்மன் பேரையே அவளுக்கு வைத்தேன். உண்ணாமலை. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்துவிடுவாள். நீங்கள் இப்போது எழுதுகிற லை வேறு. அப்போது ல-வுக்கு முன்னால் யானை தும்பிக்கையைத் தூக்குகிற மாதிரி ஒரு சுழி சேர்த்து எழுதுவோம். அந்தத் தும்பிக்கையை ஒரே மூச்சில் இழுப்பதில் இந்தப் பக்கம் என்னை மிஞ்சியவன் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"நைனா, என் பேர்ல மட்டும் ஆனை இருக்குதா, எல்லார் பேர்லயும் இருக்குதா?"

"உன் பேர்ல மட்டுந்தான்."

"அப்ப அண்ணாமலை மாமா பேர்ல?"

மடக்கிவிட்டாள். எட்டு வயசு.

அந்த எட்டு வயசில்தான் முட்டிக்குக் கீழே வீக்கம் வந்தது. குதித்து விளையாடுகிற பிள்ளை, எங்கேயோ விழுந்திருப்பாள் என்று எண்ணெய்க் கட்டு கட்டினோம். வீக்கம் வற்றவில்லை, ஜாஸ்தியானது. மெட்ராசுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புற்றுநோய் என்றார். காலை எடுத்தாலும் நிற்காது, உடம்புக்கு ஏறிவிட்டது, ஊரிலேயே வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கவர்ன்மெண்ட் போர்டெல்லாம் எழுதிய கை என்னுடையது. அன்றைக்கு அந்தக் கையால் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி நாட்களில் வலி வீட்டில் அடங்கவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளைகளுக்கென்று தனிக் கட்டில் அங்கே கிடையாது. பெரியவர்கள் படுக்கிற உயரமான இரும்புக் கட்டில்தான், ஓரத்தில் தடுப்பு இருக்காது. புரண்டால் பிள்ளை விழுந்துவிடும் என்று தாய்மார்கள் தரையில் பாய் விரித்துப் படுக்கவைப்பார்கள். என் பெண்ணின் காலுக்குத் தரை ஆகாது. கட்டிலிலேயே வைத்தோம். என் சம்சாரம் கீழே உட்கார்ந்து, கட்டில் ஓரமாகத் தன் கையை நீட்டி வைத்திருப்பாள். அந்தக் கைதான் தடுப்பு. கையை எடுத்தால் பெண் புரண்டுவிடுவாள் என்று சாப்பிடுவதற்குக்கூட எடுக்க மாட்டாள். நான்தான் ஊட்டிவிடுவேன். இரும்பு அழுத்தி அழுத்தி அவள் கையில் ஒரு கோடு விழுந்தது. பெண் போன பிறகும் அந்தக் கோடு ரொம்ப நாள் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நான் கடையைத் திறந்த அன்று பக்கத்து இரும்புக் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். நான்தான் சொன்னேன்.

"சின்னதா ஒரு கட்டில் செய்யணும். சுத்தி கம்பித் தடுப்பு வச்சி. ஆஸ்பத்திரிக்கு. அவ பேர்ல."

"ஒண்ணு எதுக்குய்யா? எங் கடையில கம்பியா இல்ல?"

அவ்வளவுதான் பேசினோம். மறுநாள் கொல்லுப்பட்டறைக்காரர் வந்து, கூலி என்று வாயைத் திறந்தால் சுத்தியாலேயே அடிப்பேன் என்றார். மெத்தை தைக்கிற பாய் இலவம் பஞ்சு மூட்டையோடு வந்தார். மெத்தை மேல் விரிக்கிற துப்பட்டி வாங்கப் பூக்கடைப் பெண்கள் காசு சேர்த்தார்கள். ஏற்றிக்கொண்டு போவது எங்கள் வேலை என்று ஜட்காக்காரர்கள் சொன்னார்கள். நான் யார் வீட்டு வாசலிலும் போய் நின்று கேட்கவில்லை. இது எல்லாம் என் எழுத்து சம்பாதித்த மனுஷர்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவில் நான் நடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

கட்டில்கள் தயாராகி என் கடை வாசலில் வந்து நின்றன. தலைமாட்டில் பேர் எழுதுவதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. யார் பேரை எதில் போடுவது என்று பேச்சு எழுந்தது. நான் சொன்னேன் இல்லையா, எங்கள் ஊரில் பேர் என்றால் அப்படி.

"எம் பேரை மெத்தைக்கு அடியில போடுங்க பெயிண்டரே" என்றார் பாய். "புள்ளைங்க மூத்திரம் போனா எனக்குத்தான் முதல்ல சேதி வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெண் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

இரும்புக் கடைக்காரர் எழுந்து, "எவன் பேரும் வேணாம். அந்தப் புள்ள பேரு மட்டும் போடு" என்றார். ஒருத்தர்கூட மறுக்கவில்லை. ஏணிக்கு இரண்டு படி சேர்த்து அடிக்கிற ஊரில், அத்தனை பேரும் தங்கள் பேரை விட்டுக்கொடுத்தார்கள். கம்பியும் பஞ்சும் பெரிய விஷயமில்லை. என்னைக் கேட்டால், இந்த ஊர் கொடுத்ததிலேயே பெரிய கொடை அதுதான்.

உட்கார்ந்து எழுதினேன். 'குமாரி உண்ணாமலை ஞாபகார்த்தம்'. சத்திரத்துப் பலகை ஒன்றில் பார்த்து எனக்குப் பிடித்துப்போன வார்த்தை அது. நினைவாக என்று போட்டால் சின்னதாகத் தெரிந்தது. என் பெண்ணுக்குப் பெரிய வார்த்தையாக வேண்டும் என்று நினைத்தேன். கருநீலத்தில் எழுத்து, வலது ஓரத்தில் சிவப்பு நிழல். லை-யின் தும்பிக்கையை இழுக்கும்போது மூச்சை நிறுத்திக்கொண்டேன். ஒரு தகட்டிலும் கை ஆடவில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி நான் எழுதியதில்லை. நான் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போய் வார்டில் போட்டோம். என் சம்சாரம் வரவில்லை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். "பேரு நல்லா தெரியுதா?" என்று மட்டும் கேட்டாள். "வாசல்ல இருந்தே தெரியுது" என்றேன். அன்று அவள் எனக்குச் சாதம் போட்டுவிட்டுத் தானும் சாப்பிட்டாள்.

சில நாள் போனது. பிள்ளைகள் வார்டைப் பார்த்துக்கொண்ட பெரிய சிஸ்டர் ஆள் அனுப்பினார். நெட்டையான அம்மாள், அதிகம் பேச மாட்டார். போனேன்.

"உள்ள வந்து நீங்களே பாருங்க பெயிண்டரே" என்றார்.

பார்த்தேன். கட்டில்கள் எல்லாம் காலி. மெத்தை மேல் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிள்ளைகள் கட்டில்களுக்கு நடுவே, தரையில், பாயில் கிடந்தார்கள்.

"ஏம்மா புள்ளயக் கீழ போட்டிருக்க?" என்று முதலில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் புருஷன்தான் பதில் சொன்னான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன்.

"ஞாபகார்த்தம்னு போட்டிருக்குதுங்களே. செத்துப்போனவங்களுக்குத்தானே அப்படிப் போடுவாங்க?"

"செத்த புள்ள படுத்த கட்டிலு. அதுல எம் புள்ளயப் போடச் சொல்றியாண்ணே?" என்றாள் அவள்.

"இது புதுக் கட்டில்மா!" என்று கத்தினேன். "எம் பொண்ணு ஒரு நாள்கூட இதுல படுக்கல!"

வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு நான் யார் என்று புரிந்திருக்க வேண்டும். தன் பிள்ளையை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். என் பார்வை அதன் மேல் பட்டுவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் பெண்ணுக்குச் சீக்காக இருந்தபோது யாராவது செத்த வீட்டிலிருந்து வந்தால் என் சம்சாரமும் அப்படித்தான் மறைத்துக்கொண்டாள்.

மொத்தமாக வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொன்னாராம். சிஸ்டர் அதைச் சொல்லிவிட்டு, "நீங்க வராம அடிக்க வேணாம்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார். இரும்புக் கடைக்காரருக்கும் சேதி போய் அவரும் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், ஆனால் யோசனை மட்டும் அவசரமாக வரும்.

"ஒரே எழுத்துதான்யா. உ-வை அ ஆக்கிடு. அண்ணாமலை ஆயிடும். சாமி பேருன்னா எவனும் பயப்பட மாட்டான்."

"ஒத்த எழுத்துல எம் பொண்ணை ஆம்பளையா ஆக்கச் சொல்றியா? உங் கடை போர்டுலயும் ஒரு எழுத்தை மாத்தி வேற எவன் பேரோ ஆக்கட்டுமா?"

"கோவிச்சுக்காத பெயிண்டரே. புள்ளைங்க தரையில கிடக்குது, அதைப் பாரு."

அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அதன் அம்மா அதன் தலைக்கு அடியில் தன் கையை வைத்திருந்தாள். சிஸ்டர் நிற்கிறார், டாக்டர் முடிவு கேட்கிறார், நண்பர் அவசரப்படுத்துகிறார். அந்த நேரத்தில் உங்கள் திறமை ஒன்றும் உதவாது, பிள்ளைகளே. எழுத்தைப் பார்க்காதீர்கள், அதைப் படிக்கிறவர் நிற்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள். நான் அந்தத் தகடுகளைத் தகப்பன் நிற்கிற இடத்தில் நின்று எழுதியிருந்தேன். காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறவள் நிற்கிற இடத்துக்குப் போனேன். வாசலில் நின்று பார்த்தேன். அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தது ஞாபகார்த்தம் ஒன்றுதான். நான் ஆசைப்பட்டுப் போட்ட அந்தப் பெரிய வார்த்தை.

எங்கே போனாலும் கையோடு வருகிற பெயிண்ட் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து, முதல் கட்டிலில் அதைச் சுரண்டினேன். நிழலோடு சேர்த்து, அடித் தகடு தெரிகிற வரைக்கும். 'குமாரி உண்ணாமலை' மிஞ்சியது. இது போதும், இனி யாரும் பயப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து அந்தப் பெண் புருஷனிடம், "இப்ப இன்னா போட்டிருக்குது?" என்றாள். அவன் படித்துச் சொன்னான். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். முதலில் இருந்த பயம் குறைந்திருந்தது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"யாருண்ணே இந்தப் பொண்ணு? உம் பொண்ணா? இப்ப நல்லா இருக்குதா?"

நான் கத்தியதைக் கேட்டவள்தான். ஆனாலும் கேட்டாள். அவளுக்கு ஒரு பதில் வேண்டும். அவள் பிள்ளை படுக்கிற கட்டிலில் பேர் இருக்கிற பெண் நன்றாக இருக்கிறாள் என்று யாராவது சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்காம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு, குமாரியையும் சுரண்டினேன். ஞாபகார்த்தத்தைச் சுரண்டியபோது கை வலிக்கவில்லை. அது சத்திரத்துப் பலகையில் எடுத்த வார்த்தை. குமாரி அப்படியில்லை. எட்டு வயசு, பாவாடை, ரெட்டைச் சடை, யானையைப் பற்றிக் கேட்ட கேள்வி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது. அது போய்விட்டால் இந்தப் பேர் என் பெண்ணுடையது என்று சொல்வதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. தெரிந்துதான் எடுத்தேன். எடுத்த இடத்தைத் துடைத்துவிட்டு, பேருக்கு அடுத்து 'துணை' என்று எழுதினேன்.

உண்ணாமலை துணை.

அவள் புருஷன் படித்தான். அவள் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மன் கட்டிலா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என்னையே திட்டினாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவள் விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. அதையும் பிள்ளை நெற்றியில் தடவினாள். பிள்ளையைத் தூக்கி உள்ளே படுக்கவைத்து, கம்பித் தடுப்பை மேலே ஏற்றினாள். அந்தப் பிள்ளை புரண்டு தடுப்பில் இடித்துக்கொண்டு தூங்கியது. சிஸ்டர் எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

மற்ற கட்டில்களையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"எம் பொண்ணை அழிச்சிட்டு வந்துட்டியா?" என்றாள் என் சம்சாரம்.

"பேரு அப்படியேதான் இருக்குது."

"அது கோயில்ல இருக்கிறவ பேரு. எம் பொண்ணு பேரு எங்க?"

நான்கு தெருவிலும் பேர் எழுதிய பெரிய பெயிண்டர் நான், என் வீட்டில் ஒருத்திக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கட்டிலுக்குக் கொடுத்தவர்கள் யாரும் கோவிக்கவில்லை. அம்மன் கட்டில் என்று ஊரில் பேர் ஆனதும் வேறு தெருக்காரர்களும் கட்டில் செய்து கொடுத்தார்கள். அவர்களும் தங்கள் பேர் வேண்டாம் என்றார்கள். எல்லாவற்றிலும் அந்த ஒரே பேரைத்தான் எழுதினேன். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "உண்ணாமலை கட்டில் காலியா இருக்குதா?" என்று கேட்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னார்.

அந்த வார்த்தையை நான் வீட்டில் போய்ச் சொன்னேன். "இன்னா கேக்கறாங்க?" என்றாள். திரும்பவும் சொன்னேன். மறுநாள் மத்தியானம் அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து, "வா, போலாம்" என்றாள்.

வார்டு வராந்தா வரைக்கும் வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று ஜன்னல் ஓரம் நின்றுவிட்டாள். உள்ளே ஒரு கிராமத்து அம்மாள் பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டு, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மனை நம் பெண்கள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாங்க போங்க எல்லாம் கிடையாது.

"உண்ணாமலை! எங்கடி போயிட்ட? எவ்ளோ நேரமா கூப்பிடறேன், காதுல விழலயா? வாடி, வந்து எம் புள்ளயப் பாருடி!"

சாயங்காலம் தெருமுனையில் நின்றுகொண்டு என் சம்சாரம் எங்கள் பெண்ணைக் கூப்பிடுவாளே, அதே கூப்பாடு. 'எங்கடி போயிட்ட', 'காதுல விழலயா', 'வாடி', ஒரு வார்த்தை மாறவில்லை.

என் பக்கத்தில் அவள் இல்லை. உள்ளே போய்விட்டிருந்தாள். அந்த அம்மாளுக்கு எதிர்ப்பக்கம் நின்று, தடுப்புக் கம்பி மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி கூப்பிடுக்கா" என்றாள்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூப்பிட்டாள்.